பழுதைத் தேடாமல் பாய்லரை மாற்றாதீர்கள்

பிரிட்டனில் குளிர் இறங்கத் தொடங்கியதும் ஓர் ஆலோசனை வீடுவீடாகப் போகிறது. "பத்து வருசம் தாண்டின பாய்லர் பற்றாமல் போனால் அதைத் திருத்தக் காசு செலவழிக்காதேங்கோ. புதுசு போட்டிட்டு நிம்மதியா இருங்கோ." உறவினர் சொல்கிறார். பக்கத்து வீட்டுக்காரர் சொல்கிறார். புதிய பாய்லர் விற்பவர்களின் விளம்பரங்களும் அதையே சொல்கின்றன. பழுதுபார்க்க வந்த எஞ்சினியரே சில வீடுகளில் கருவிப் பெட்டியைத் திறக்குமுன் அதைச் சொல்லிவிடுகிறார்.

இந்த ஆலோசனை தவறு. சில வீடுகளில் அது தற்செயலாகச் சரியாக முடியலாம். ஆனால் முடிவெடுக்கும் முறை என்று பார்த்தால் அடிப்படையிலேயே தவறு. பழுது எது என்று தெரியுமுன்னே தீர்வைச் சொல்லிவிடுகிறது. அந்த அவசரத்துக்கு ஆகும் இரண்டாயிரம், மூவாயிரம் பவுண்டைக் குடும்பங்கள் சேமிப்பிலிருந்தும் கடனிலிருந்தும் கட்டுகின்றன. 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இங்கிலாந்து, வேல்ஸ் வீடுகளில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு குழாய்வழி கேஸ் ஒன்றை மட்டுமே நம்பிச் சூடாகின்றன. ஆகவே இது சிலருடைய பிரச்சினை இல்லை. இந்த வேலையிலேயே இருப்பவன் என்ற முறையில் இதை மறுப்பது என் கடமை என்று நினைக்கிறேன்.

எதிர்த்தரப்பின் வாதத்தை முதலில் நேர்மையாக எடுத்து வைக்கிறேன். பழைய பாய்லரில் ஒரு பாகத்தை மாற்றினால் மறு மாதம் இன்னொன்று போகும் என்கிறார்கள். புதிய பாய்லர் குறைந்த கேஸில் அதே சூட்டைத் தரும், அதனால் போட்ட பணம் திரும்பி வந்துவிடும் என்கிறார்கள். கேஸ் விளையாட்டுப் பொருள் இல்லை, பற்றாத பாய்லரை வைத்துக்கொள்வது ஆபத்து என்கிறார்கள். பழைய மாடலுக்குப் பாகம் கிடைக்காது, புதியதற்கு ஏழு, பத்து ஆண்டு உத்தரவாதம் கிடைக்கும் என்கிறார்கள். இவற்றுள் பொய் என்று ஒதுக்கக்கூடியது ஒன்றும் இல்லை. ஒவ்வொன்றும் ஏதோ ஒரு வீட்டில் உண்மைதான். எஞ்சினியரின் நிலையும் எனக்குப் புரிகிறது. ஒரு பாகத்தைப் போட்டுவிட்டுப் போன பிறகு வேறொன்று போனாலும் பழி அவர் தலையில்தான் விழும். ஆனால் எந்த வீட்டில் இந்த வாதம் உண்மை என்பதைச் சோதித்துப் பார்த்த பிறகுதான் சொல்ல முடியும். அந்தச் சோதனையைத் தாண்டிக் குதிப்பதைத்தான் நான் எதிர்க்கிறேன்.

1. "பற்றவில்லை" என்பது எந்தப் பழுதின் பெயர்?

எதன் பெயரும் இல்லை. பாய்லர் ஒரு வரிசையில் வேலை செய்கிறது. அறைத் தெர்மோஸ்டாட்டோ டைமரோ சூடு வேண்டும் என்று கேட்கிறது. சுடுநீர்க் குழாயைத் திறந்தால் நீர் ஓட்டத்தை உணரும் சென்சார் கேட்கிறது. மின்பலகை, அதாவது எல்லாரும் பிசிபி என்று சொல்வது, விசிறியை ஓட்டுகிறது. விசிறி உண்மையிலேயே காற்றைத் தள்ளுகிறதா என்று பழையவற்றில் காற்றழுத்த சுவிட்சும் புதியவற்றில் சுழற்சி வேகத்தை அளக்கும் சென்சாரும் உறுதி செய்கின்றன. அந்த உறுதி கிடைத்த பிறகே தீப்பொறி அடிக்கிறது, கேஸ் வால்வு திறக்கிறது. சில நொடிகளுக்குள் சுடர் தெரிந்தாக வேண்டும். தெரியாவிட்டால் வால்வு மூடிக்கொள்கிறது. இரண்டு மூன்று முறை முயன்று பார்த்துவிட்டுப் பாய்லர் தன்னைத் தானே பூட்டிக்கொள்கிறது.

இந்த வரிசையில் எந்தப் படியில் தடங்கல் வந்தாலும் வீட்டிலிருப்பவருக்குத் தெரிவது ஒன்றுதான்: ரேடியேட்டர் குளிர்ந்து கிடக்கிறது. அந்தத் தடங்கல்களில் பலவும் பாய்லரின் வயதோடு தொடர்பே இல்லாதவை. முன்பணம் கட்டும் மீட்டரில் காசு தீர்ந்திருக்கும். தெர்மோஸ்டாட்டின் பேட்டரி செத்திருக்கும். பாய்லருக்குப் போகும் மின்சுவிட்சின் ஃபியூஸ் எரிந்திருக்கும். அழுத்தமானியின் முள் 1 பாருக்குக் கீழே விழுந்திருக்கும். நீரழுத்தம் போதாவிட்டால் பல பாய்லர்கள் பற்றவே முயலாது. கடுங்குளிர் இரவில் பாய்லரின் கழிவுநீரை வெளிச்சுவர் வழியே கொண்டுபோகும் கண்டென்சேட் குழாய் உறைந்திருக்கும். உள்ளே தேங்கும் நீர் களகள என்று சத்தம் போட, பாய்லர் நின்றுவிடும். 2010 டிசம்பர், நூறாண்டுகளில் இந்த நாடு கண்ட மிகக் குளிரான டிசம்பர். அப்போது ஏராளமான வீடுகளில் பாய்லர் நின்றதற்குக் காரணம் இந்த ஒல்லியான பிளாஸ்டிக் குழாய்தான். நின்றவற்றில் புத்தம்புதியவையும் இருந்தன. தரையில் நின்று கை எட்டும் உயரத்தில் குழாய் இருந்தால் வெதுவெதுப்பான நீரை ஊற்றி உருக்கலாம். கொதிநீர் ஊற்றக்கூடாது.

விளக்கு எரியாவிட்டால் எண்ணெய் இருக்கிறதா, திரி கருகியிருக்கிறதா என்று பார்க்கிறோம். விளக்கையே தூக்கி எறிவதில்லை. பாய்லர் என்றதும் மட்டும் இந்த இயல்பான அறிவை ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும்?

2. வயதாகிவிட்டது என்றால் எதற்கு வயதாகிவிட்டது?

பாய்லர் ஒரே பொருளாக மூப்படைவதில்லை. அதன் பாகங்கள் தனித்தனியே தேய்கின்றன. முதலில் தேய்பவை, மாற்றுவதற்கென்றே செய்யப்பட்ட மலிவான பாகங்கள். தீப்பொறி தரும் எலக்ட்ரோடு, அதன் கம்பி, சீல் வாஷர், காற்றழுத்த சுவிட்சுக்குப் போகும் சிறு ரப்பர்க் குழாய் ஆகியவை முதல் வரிசை. விசிறி, பம்பு, பிசிபியில் உள்ள கெபாசிட்டர், ரிலே ஆகியவை அடுத்த வரிசை. சுடரின் சூட்டை நீருக்குக் கொடுக்கும் ஹீட் எக்ஸ்சேஞ்சர்தான் பாய்லரின் உயிர். அது நன்றாக இருக்கும்வரை "ஆயுள் முடிந்தது" என்று சொல்ல யாருக்கும் ஆதாரம் இல்லை.

எலக்ட்ரோடை அருகில் வைத்துப் பாருங்கள். வெள்ளைப் பீங்கான் உறைக்குள்ளிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் ஓர் உலோகக் கம்பி, அவ்வளவுதான். பல ஆண்டுகள் தீயில் நின்றதில் அதன் நுனி மெலிந்து வளைந்திருக்கும். மேலே வெளிறிய மாவு போன்ற படிவு ஒட்டியிருக்கும். பீங்கானில் மயிரிழை போல ஒரு கீறல் ஓடியிருக்கும். நுனிக்கும் பர்னருக்கும் நடுவே தயாரிப்பாளர் குறித்த சில மில்லிமீட்டர் இடைவெளி கூடினாலோ குறைந்தாலோ தீப்பொறி தவறான இடத்தில் தாவும். பீங்கான் கீறலின் வழியே தாவினால் டிக் டிக் என்ற சத்தம் கேட்கும், கேஸ் மட்டும் பற்றாது.

இந்தக் கம்பிக்கே, அல்லது இதன் பக்கத்தில் நிற்கும் இன்னொரு கம்பிக்கு, இரண்டாவது வேலையும் உண்டு. சுடர் இருக்கிறதா என்று சொல்வது அதுதான். தீச்சுடர் மின்சாரத்தை மிகச் சிறிய அளவில் கடத்தும், அதுவும் ஒரு திசையில் கூடுதலாகக் கடத்தும். சில மைக்ரோ ஆம்பியர் அளவுள்ள அந்த மின்னோட்டத்தைக் கண்டால்தான் பிசிபி "தீ இருக்கிறது" என்று நம்பும். கம்பியில் படிவு ஏறினாலோ எர்த் கம்பியின் இணைப்பு துருப்பிடித்தாலோ அந்த மின்னோட்டம் மெலிந்துபோகும். எதிரே நீலச் சுடர் நன்றாக எரிந்துகொண்டிருக்கும்போதே பிசிபி கேஸை நிறுத்திவிடும். இதை "பாய்லர் செத்துவிட்டது" என்று சொல்லி விற்பவரும் உண்டு, நம்பி வாங்குபவரும் உண்டு. அங்கே செத்திருப்பது விரல் நீளக் கம்பி ஒன்று.

பைலட் சுடர் எப்போதும் எரிந்துகொண்டிருக்கும் மிகப் பழைய வகையிலும் இதே கதைதான். குமிழை அழுத்திப் பிடித்திருக்கும்வரை சுடர் எரியும், கையை எடுத்ததும் அணைந்துவிடும். முதலில் சந்தேகப்பட வேண்டியது தெர்மோகப்பிள். சுடரின் சூட்டில் சுமார் 20, 30 மில்லிவோல்ட் உண்டாக்கி வால்வைத் திறந்து வைத்திருக்கும் செப்புத் தண்டு அது. அந்தப் பாய்லரிலேயே மிக மலிவான பாகங்களில் அதுவும் ஒன்று. அதன் திருகு தளர்ந்திருக்கலாம், பைலட் துளையில் தூசி அடைத்துச் சுடர் ஒல்லியாகியிருக்கலாம். இவற்றைப் பார்க்காமல் எடுத்த முடிவு முடிவே இல்லை.

3. நின்ற விதத்தைக் கேட்காமல் பேசும் பேச்சு ஊகம்தான்

பாய்லர் எப்படி நின்றது என்பதிலேயே பாதி விடை இருக்கிறது. திரையில் வெளிச்சமே இல்லை, விசிறியும் அசையவில்லை என்றால் மின்சாரத்தையும் ஃபியூஸையும் பார்க்க வேண்டும். திரை எரிகிறது, ஆனால் பாய்லர் சும்மா நிற்கிறது என்றால் சூடு கேட்கும் செய்தி வந்து சேரவில்லை. விசிறி ஓடுகிறது, தீப்பொறிச் சத்தம் இல்லை என்றால் காற்று உறுதியாகவில்லை. புகைக்குழாயின் வாய் அடைத்திருக்கலாம், சுவிட்சின் ரப்பர்க் குழாயில் நீர் தேங்கியிருக்கலாம், விசிறி மெதுவாகச் சுற்றலாம். தீப்பொறிச் சத்தம் கேட்கிறது, பற்றவில்லை என்றால் கேஸ் வரவில்லை அல்லது பொறி தவறான இடத்தில் விழுகிறது. பற்றிச் சில நொடியில் அணைகிறது என்றால் சுடரை உணரும் பகுதியைப் பார்க்க வேண்டும். நெடுநேரம் நன்றாக எரிந்துவிட்டு நிற்கிறது என்றால் பம்பு சிக்கியோ நீரோட்டம் தடைப்பட்டோ அதிகச் சூட்டால் நின்றிருக்கலாம். காற்று பலமாக வீசும் நாளில் மட்டும் நிற்கிறது என்றால் புகைக்குழாயைத்தான் பார்க்க வேண்டும்.

ஆறேழு விதமான நிற்றல்கள், ஆறேழு தேடல் வழிகள். இவை அனைத்துக்கும் "பழசு" என்ற ஒரே விடையைச் சொல்பவர் இவற்றுள் எதையும் கேட்கவில்லை என்றே பொருள்.

"குறியீடு காட்டுகிறதே" என்பார்கள். வைலன்ட் பாய்லரில் எஃப் 28, ஊஸ்டர் பாஷில் ஈஏ, ஐடியலில் எல் 2, பாக்ஸியில் ஈ 133 என்று திரையில் தோன்றும். இவை எல்லாமே ஏறத்தாழ ஒன்றைத்தான் சொல்கின்றன: பற்ற முயன்றேன், சுடரைக் காணவில்லை. ஏன் காணவில்லை என்பதை அந்தக் குறியீட்டால் சொல்ல முடியாது. மீட்டரில் காசு தீர்ந்தாலும் அதே குறியீடு. எலக்ட்ரோடு கீறினாலும் அதே. கேஸ் வால்வின் சுருள் அறுந்தாலும் அதே. குறியீட்டைப் பார்த்தவுடன் "பிசிபி போய்விட்டது" என்று நூற்றுக்கணக்கான பவுண்டுக்குப் பலகையை மாற்றுவதும், அதிலும் பற்றாமல் போனதும் "இனிப் புதுசுதான்" என்பதும் ஒரே தவறின் இரண்டு படிகள். முதல் ஊகத்துக்கு ஆன செலவே இரண்டாவது ஊகத்துக்கு நியாயமாகக் காட்டப்படுகிறது. பழைய பாய்லர் "காசு தின்கிறது" என்ற பெயர் பெரும்பாலும் இப்படித்தான் வருகிறது. அங்கே காசைத் தின்றது அளந்து பார்க்காத வேலை.

4. புதிய பாய்லர் பழைய வீட்டின் பழுதைக் குணப்படுத்தாது

நான் பார்த்த ஒரு வீட்டில் இது கண்ணெதிரே நடந்தது. வடமேற்கு லண்டனில் ஒரு வரிசை வீடு. மாலையில் அடுப்பு எரியும் நேரத்தில் யாராவது குளித்தால் பாய்லர் அணைந்துவிடும். பழசு என்று சொல்லிக் கழற்றி, கூடுதல் திறனுள்ள புதிய கொம்பி பாய்லர் (தொட்டி இல்லாமலே சுடுநீர் தரும் வகை) போட்டார்கள். முதல் வாரத்திலேயே அதே மாலை நேரத்தில் அதே நிற்றல். மீட்டரிலிருந்து மாடிக்குப் போன 15 மில்லிமீட்டர் கேஸ் குழாயை யாரும் கவனித்திருக்கவில்லை. பாய்லரும் அடுப்பும் ஒருசேர இழுக்கும்போது அந்தக் குழாயால் போதிய கேஸைக் கொண்டுபோக முடியவில்லை. புதிய பாய்லருக்கு இன்னும் கூடுதல் கேஸ் வேண்டியிருந்ததால் பழுது முன்பைவிட மோசமானது. 22 மில்லிமீட்டர் குழாய் போட்ட பிறகே அந்த வீட்டுக்கு நிம்மதி வந்தது. அந்தக் குழாயை முதலிலேயே போட்டிருந்தால் பழைய பாய்லரே போதியிருக்கும்.

இதைக் கண்டுபிடிக்க மேதை யாரும் வேண்டாம், ஓர் அழுத்தமானி போதும். வீட்டு மீட்டரில் கேஸ் சுமார் 21 மில்லிபார் அழுத்தத்தில் வருகிறது. எல்லாம் எரியும் நேரத்தில் மீட்டருக்கும் பாய்லருக்கும் இடையே 1 மில்லிபாருக்கு மேல் குறையாதபடி குழாய் போடப்பட்டிருக்க வேண்டும். பாய்லர் ஓடும்போது அளந்து பார்த்தால் சில நிமிடங்களில் உண்மை தெரிந்துவிடும்.

கேஸ் குழாய் மட்டும் இல்லை. ரேடியேட்டர்களின் அடியில் கறுப்புச் சேறாகப் படிந்திருக்கும் இரும்புத் துகள், வெளிச்சுவரில் மெல்லிய குழாயாக ஓடும் கண்டென்சேட், தளர்ந்த எர்த் இணைப்பு, மாறிப்போன மின்முனைகள் என்று இவை எல்லாமே வீட்டின் பழுதுகள். பாய்லரைக் கழற்றினால் இவை கூடவே கழன்று போய்விடாது. புதியதன் வயிற்றுக்குள் பழைய சேறு போகும், ஒல்லியான ஹீட் எக்ஸ்சேஞ்சரை அடைக்கும். குழாய்களைக் கழுவாமல் பொருத்தினாலோ ஆண்டுதோறும் சர்வீஸ் செய்யாவிட்டாலோ உத்தரவாதத்தை மறுக்கத் தயாரிப்பாளருக்கு வழியிருக்கிறது. நிம்மதி என்று விற்கப்பட்ட அந்தப் பத்தாண்டு உத்தரவாதம், பழைய பாய்லருக்குத் தர மறுத்த அதே கவனிப்பைத்தான் நிபந்தனையாகக் கேட்கிறது.

5. "போட்ட பணம் திரும்பி வரும்" என்பதைக் கணக்குப் போட்டுப் பார்ப்போமா?

பிரிட்டனின் எரிசக்தி ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்ஜெம், சராசரி வீடு ஆண்டுக்கு 11,500 யூனிட் கேஸ் எரிப்பதாக 2023இல் எடுத்துக்கொண்டது. யூனிட் 6 பென்ஸ் என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 690 பவுண்டு. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2005 ஏப்ரலுக்குப் பிறகு பொருத்தப்பட்ட கேஸ் பாய்லர்கள், சில விதிவிலக்குகள் தவிர, புகையோடு போகும் சூட்டையும் பயன்படுத்தும் கண்டென்சிங் வகையாக இருக்க வேண்டும் என்பது விதி. ஆகவே இன்று "பழசு" என்று கழற்றப்படும் பலவும் ஏற்கெனவே திறன் மிக்க வகைதான். அது 86 விழுக்காடு திறனில் ஓடுகிறது, புதியது 92 விழுக்காட்டில் ஓடும் என்று எதிர்த்தரப்புக்குத் தாராளமாகவே விட்டுக்கொடுப்போம். மிச்சமாவது ஆண்டுக்கு சுமார் 45 பவுண்டு. பொருத்தும் கூலியோடு 2,500 பவுண்டு ஆகிறது என்றால் அந்தப் பணம் திரும்பி வர 55 ஆண்டுகள் வேண்டும்.

கண்டென்சிங் இல்லாத, 70 விழுக்காட்டில் ஓடும் மிகப் பழைய பாய்லரை எடுத்துக்கொண்டால் மிச்சம் ஆண்டுக்கு சுமார் 165 பவுண்டு. அப்போதும் 15 ஆண்டுகள் ஆகும். பாய்லரின் ஆயுளே பதினைந்து ஆண்டு என்று சொல்பவர்களும் இவர்கள்தான். அவர்களுடைய கணக்கின்படியே பணம் திரும்பி வந்து சேரும் நாளில் அடுத்த பாய்லர் வாங்க வேண்டும்.

காசே செலவழிக்காமல் கிடைக்கும் சேமிப்பைப் பற்றி யாரும் பேசுவதில்லை. கண்டென்சிங் பாய்லர் முழுத் திறனைத் தர ரேடியேட்டரிலிருந்து திரும்பும் நீர் சுமார் 55 டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டும். பெரும்பாலான வீடுகளில் பாய்லரின் வெப்பநிலையை 75, 80 என்று வைத்துவிட்டுப் போயிருப்பார்கள். கொம்பி பாய்லராக இருந்தால் சூடேற்றும் வெப்பநிலையை 60 அளவுக்குக் குறைத்துப் பாருங்கள். சுடுநீர்த் தொட்டி உள்ள வீட்டில் அவ்வளவு குறைக்கக்கூடாது. கிருமி வளராமல் இருக்கத் தொட்டி நீர் 60 டிகிரியை எட்ட வேண்டும்.

இன்னொரு விளைவும் இருக்கிறது. 2050க்குள் பசுமைக்குடில் வாயு உமிழ்வை நிகரச் சுழியமாக்குவது இந்த நாட்டின் சட்டம். வெப்ப பம்பு போடுபவருக்கு இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தரப்படும் அரசு மானியம் 2023 அக்டோபரில் 7,500 பவுண்டாக உயர்த்தப்பட்டது. இன்று அவசரத்தில் ஒரு கேஸ் பாய்லர் வாங்குபவர் இன்னும் பதினைந்து ஆண்டுகளுக்குத் தன்னைக் கேஸோடு கட்டிப்போடுகிறார். நூறு, இருநூறு பவுண்டில் பழையதைத் திருத்திக்கொள்பவர், நிதானமாக யோசித்து முடிவெடுக்கச் சில ஆண்டுகளை வாங்குகிறார்.

6. ஆபத்து என்று பயமுறுத்துகிறார்கள். எது ஆபத்து?

எதிர்த்தரப்பின் வலுவான வாதம் இதுதான். அதனால் தெளிவாகவே பதில் சொல்கிறேன். சுடரைக் காணாமல் தன்னைப் பூட்டிக்கொண்ட பாய்லர், தன் பாதுகாப்பு ஏற்பாடு வேலை செய்கிறது என்று காட்டிவிட்டது. எரியாத கேஸை வீட்டுக்குள் விடாமல் வால்வை மூடியிருக்கிறது. உண்மையான ஆபத்து, நன்றாக எரிவதுபோலத் தோன்றும் பாய்லரில் இருக்கலாம். புகைக்குழாய் இணைப்பு விலகியிருக்கலாம், மூடியின் சீல் கெட்டிருக்கலாம், எரிப்பு சரியில்லாமல் கார்பன் மோனாக்சைடு உருவாகலாம். அதற்கு மணமில்லை, நிறமில்லை. வயதைப் பார்த்து அதைக் கண்டுபிடிக்க முடியாது. புகையின் கலவையை அளக்கும் கருவியை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஆண்டுச் சர்வீஸும், ஓசை எழுப்பும் கார்பன் மோனாக்சைடு அலாரமும்தான் பாதுகாப்பு. இவை இரண்டும் இல்லாத வீட்டில் புதிய பாய்லரும் பாதுகாப்பானதாகிவிடாது.

என் வாதத்தைத் தவறான பக்கம் இழுத்துக்கொண்டு போகவும் யாரையும் விடமாட்டேன். "திருத்தலாம்" என்று நான் சொல்வது, வீட்டுக்காரர் வீடியோ பார்த்து மூடியைக் கழற்றலாம் என்று பொருள்படாது. பல பாய்லர்களில் அந்த மூடியே எரியும் அறையின் சுவர். அதைக் கழற்றி மாட்டுவது கேஸ் வேலை. 1998 கேஸ் பாதுகாப்பு விதிகளின்படி கேஸ் வேலையைத் தகுதியுள்ளவர்தான் செய்யலாம். கூலிக்குச் செய்பவர் கேஸ் சேஃப் பதிவேட்டில் இருக்க வேண்டும். 2009 ஏப்ரல் 1 முதல் கோர்கி என்ற பழைய பதிவேட்டின் இடத்தில் இருப்பது இந்தப் பதிவேடுதான். அவருடைய அட்டையை வாங்கிப் பாருங்கள். பின்பக்கத்தில் அவர் எந்தெந்த வேலைக்குத் தகுதி பெற்றவர் என்று எழுதியிருக்கும்.

ரீசெட் பொத்தானை ஓரிரு முறைக்கு மேல் அழுத்தாதீர்கள். பூட்டிக்கொண்ட பாய்லரைத் திரும்பத் திரும்பத் தட்டி எழுப்புவது அதன் எச்சரிக்கையைக் காதில் போட்டுக்கொள்ளாமல் இருப்பதாகும். கேஸ் மணம் வந்தால் சோதனையும் வேண்டாம், சிந்தனையும் வேண்டாம். மீட்டர் அருகே உள்ள வால்வை மூடி, சன்னல்களைத் திறந்து, எந்த மின்சுவிட்சையும் தொடாமல் வெளியே வந்து 0800 111 999 எண்ணை அழையுங்கள்.

7. இந்த ஆலோசனைக்கு யார் விலை கொடுக்கிறார்கள்?

வசதி உள்ளவருக்குப் புதிய பாய்லர் ஒரு செலவு. மற்றவர்களுக்கு அது மாதத் தவணை. ஹேரோ, ஈஸ்ட் ஹாம், டூட்டிங், குரோய்டன் என்று நம்மவர்கள் வாழும் பகுதிகளில் பகலில் வீட்டில் இருப்பது பெரும்பாலும் வயதான பெற்றோர்கள். எஞ்சினியர் ஆங்கிலத்தில் சொல்வதை மறித்துக் கேட்க அவர்களுக்குத் தயக்கம். "பழசு, ஆபத்து" என்ற இரண்டு சொற்கள் போதும், அன்று மாலையே பிள்ளைகள் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். வெளியே இரண்டு டிகிரி குளிர் இருக்கும்போது யாராலும் நிதானமாகப் பேரம் பேச முடியாது. அந்த நேரம் பார்த்து வருவதால்தான் இந்த ஆலோசனை இவ்வளவு எளிதாக எடுபடுகிறது.

வாடகை வீட்டில் விளைவு இன்னும் கடுமை. "புதுசு ஆர்டர் கொடுத்திருக்கிறேன், வரும்வரை பொறுங்கள்" என்று வீட்டு உரிமையாளர் சொல்லும்போது, ஒரு மதிய நேரத்தில் தீர்ந்திருக்கக்கூடிய பழுதுக்காகக் குடும்பம் வாரக்கணக்கில் குளிரில் கிடக்கிறது. சூடேற்றும் அமைப்பையும் சுடுநீர் அமைப்பையும் பழுதுபார்த்து வைப்பது இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வீட்டு உரிமையாளரின் சட்டப்பூர்வக் கடமை. இங்கிலாந்தின் 1985 வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் சட்டத்தின் 11ஆம் பிரிவு அதைச் சொல்கிறது. புதியது வரும்வரை திருத்தாமல் விடலாம் என்று அது எங்கும் சொல்லவில்லை.

மாற்ற வேண்டிய நேரம் உண்டா? உண்டு. ஹீட் எக்ஸ்சேஞ்சர் விரிசல் விட்டு ஒழுகினால் மாற்றுங்கள். சுத்தம் செய்து சரிசெய்த பிறகும் புகைச் சோதனையில் தேறாவிட்டால் மாற்றுங்கள். தேவையான பாகம் தயாரிப்பில் இல்லை, புதுப்பித்த பாகமும் கிடைக்காது என்று விசாரித்து உறுதியானால் மாற்றுங்கள். புகைக்குழாய் ஆபத்தான நிலையில் இருந்து அதைத் திருத்த வழியில்லை என்றால் உடனே மாற்றுங்கள். இவை ஒவ்வொன்றும் சோதனையின் முடிவாக வருபவை என்பதைக் கவனியுங்கள். பாய்லரின் பிறந்த ஆண்டை வைத்து இவற்றுள் ஒன்றைக்கூட முடிவு செய்ய முடியாது.

ஆகவே வாசகரிடம் எனக்கு ஒரு வேண்டுகோள். பாய்லர் நின்றால் யாரையும் அழைக்குமுன் கேஸ் அடுப்பு எரிகிறதா, மீட்டரில் காசு இருக்கிறதா, அழுத்தமானி எதைக் காட்டுகிறது, தெர்மோஸ்டாட்டின் பேட்டரி உயிரோடு இருக்கிறதா, வெளிக்குழாய் உறைந்திருக்கிறதா என்று பாருங்கள். எந்தச் சத்தம் கேட்டது, எங்கே நின்றது, திரையில் என்ன குறியீடு வந்தது என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். பகலில் வீட்டிலிருக்கும் அம்மாவிடமோ அப்பாவிடமோ அந்தத் தாளைக் கொடுத்து வையுங்கள். எஞ்சினியர் வந்ததும் மூன்று கேள்வி கேளுங்கள். பற்றும் வரிசையில் எந்தப் படியில் நின்றிருக்கிறது? எதை அளந்தீர்கள், அளவு எவ்வளவு? இந்தப் பாகத்தைப் போட்ட பிறகும் பற்றாவிட்டால் அதன் விலையை யார் ஏற்பது? உரிய கவனத்தோடும் திறமையோடும் வேலையைச் செய்து தர வேண்டும் என்று 2015 நுகர்வோர் உரிமைச் சட்டம் சொல்வதால், இவற்றைக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

நேர்மையான எஞ்சினியர் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்படமாட்டார். அளந்ததை எழுதித் தருவார். அளக்காமல் "பழசு, மாற்றுங்கள்" என்று சொல்பவருக்கு வந்து போன கூலியைக் கொடுத்து அனுப்பிவிடுங்கள். பாய்லருக்கான பணத்தை அவரிடம் கொடுக்காதீர்கள்.